பூம் கேட்டா, ரோந்தா, விளக்கா? ஓட்டுப் போடுவதற்கு முன் என் கணக்கு

கோலாலம்பூரில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) செந்தூலுக்கும் ஜிஞ்சாங்குக்கும் இடையில் இருக்கிறது. 120 தரை வீடுகள், ஆறு ஜாலான் (தெரு), வெளியே போக இரண்டு வழி. பின்பக்கம் ஒரு லொங்காங் (வடிகால்), அதைத் தாண்டினால் பி.பி.ஆர். எனும் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடி. அடுத்த மாதம் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடக்கிறது. ஒரு வழியை அடைத்துவிட்டு இன்னொன்றில் பூம் கேட் (தூக்கி இறக்கும் தடுப்புக் கம்பி) போட்டு ஜாகா (காவலாளி) வைப்பதா, ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கத்தார் ரோந்தை மறுபடி தொடங்குவதா, போலீஸ் போண்டோக் (சிறு காவல் சாவடி) வேண்டும் என்று எம்.பி.யிடம் மனு கொடுப்பதா, அல்லது விளக்கு, சிசிடிவி, பின் லோரோங் (வீடுகளின் பின்சந்து) சுத்தம் என்று காசைச் செலவழிப்பதா? இந்த நான்கில் எதை எடுப்பது என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே சத்தம். அங்கே நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் தாமானிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் ஒரு பாட்டியின் சங்கிலியில் தொடங்கியது. காலை ஆறரை மணி, கோலாலம்பூரில் அந்த நேரத்துக்கு இன்னும் இருட்டுதான். பாட்டி வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவு டப்பாவோடு குனிந்திருந்தார். மோட்டாரில் இரண்டு பேர் மெதுவாக வந்தார்கள். பின்னால் இருந்தவன் கையை நீட்டினான். நான் ஓடிப் போனபோது பாட்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கழுத்தில் கயிறு அறுத்தது போல் ஒரு சிவப்புக் கோடு. வலது கையை இறுக்கி மூடியிருந்தார். விரித்துப் பார்த்தால், அறுந்த தாலிக்கொடியில் பாதி உள்ளே இருந்தது. அவர் இழுத்துப் பிடித்ததில் பாதி தப்பியிருக்கிறது. "மீதிய எடுத்துட்டுப் போயிட்டான்பா" என்று மட்டும் சொன்னார். அவர் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் தெருவிளக்கு பல வாரங்களாக எரியவில்லை.

அன்று சாயந்திரமே பூம் கேட் பேச்சு வந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் கோபத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது வேறு விஷயங்கள் தெரிந்தன.

முதலில், யார் பையிலிருந்து எது வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குழுவில் பாதிச் சண்டை இது தெரியாததால் வந்தது. "வருசத்துக்கு ரெண்டு தடவ வீட்டு வரி கட்டுறோம், போலீஸ் எங்க?" என்று ஒருவர் கேட்டார். பிப்ரவரிக்குள் ஒரு முறை, ஆகஸ்டுக்குள் ஒரு முறை நாம் டிபிகேஎல்லுக்குக் (கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு) கட்டும் மதிப்பீட்டு வரிக்கும் போலீசுக்கும் தொடர்பே கிடையாது. மலேசியாவில் போலீஸ் முழுக்க முழுக்கக் கூட்டரசு விவகாரம். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையே அப்படிச் சொல்கிறது. சம்பளம், கார், பாலாய் (போலீஸ் நிலையம்) கட்டடம், துப்பாக்கி எல்லாம் உள்துறை அமைச்சின் வழியாக வருகின்றன. எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் என்பதும் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் தொடங்கி, மாநிலத் தலைமையகம், மாவட்டம் என்று இறங்கி வரும் முடிவு. தெருவிளக்கு, லொங்காங், பின் லோரோங், மரக்கிளை வெட்டுவது, இவை மாநகர் மன்றத்தின் வேலை. குப்பை 2011 முதல் தனிச் சட்டத்தின் கீழ் போய்விட்டது. ஆக, விளக்குக்காக மாவட்டப் போலீஸ் தலைவரிடம் கத்துவதும், ரோந்துக்காக மாநகர் மன்ற முகப்பில் கத்துவதும் ஒன்றுதான். இரண்டுமே வீண்.

வெளிநாட்டில் இது வேறு மாதிரி. ஹியூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் போல விரிந்து பரந்துகொண்டே போகும் அமெரிக்க நகரங்களில் போலீஸ் செலவு நகர மன்றத்தின் பட்ஜெட்டிலிருந்தே போகிறது, பொது நிதியில் பெரிய பங்கையும் எடுத்துக்கொள்கிறது. அதனால் அங்கே போலீசா, நூலகமா, பூங்காவா என்று ஊர் மக்கள் நேரடியாக வாதாட முடிகிறது. நமக்கு அந்த மேசையே இல்லை. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, 1976 சட்டத்தோடு ஒரேயடியாகப் போய்விட்டது. கோலாலம்பூர் 1974-இல் கூட்டரசுப் பிரதேசம் ஆனதால் சட்டமன்ற உறுப்பினரும் கிடையாது. மேயர் நியமனம். இந்த ஊரில் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள் 11 எம்.பி.க்கள் மட்டுமே. போலீசுக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்ற கேள்வியை நம்மிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கேயும் போய்விடவில்லை, ஜாகாவுக்கு மாதக் காசு கொடுக்கலாமா என்று நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

இன்னொன்று, நகரம் விரிகிற விதம். 1991-இல் கோலாலம்பூரில் பதினொன்றரை லட்சம் பேருக்குப் பக்கத்தில் இருந்தோம். 2020 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 20 லட்சம். சிலாங்கூரையும் சேர்த்தால் 90 லட்சத்தைத் தொடுகிறது. ரவாங், செமினி, பூச்சோங் என்று தோட்டம் இருந்த இடமெல்லாம் தரை வீடுகள். தரை வீட்டுத் தாமான் என்றால் கொஞ்சம் பேருக்கு நிறைய சாலை. ஒரே ஒரு எம்பிவி (போலீஸ் ரோந்து) கார் அடுக்குமாடிப் பகுதியில் பத்து நிமிடத்தில் ஆயிரம் வாசலைக் கடந்துவிடும். எங்களைப் போன்ற தாமான்களில் அதே பத்து நிமிடத்தில் சில நூறு வாசல்கள்தான். புதுத் தாமான் திறக்கும்போது வரைபடத்தில் பாலாய்க்கு நிலம் ஒதுக்கியிருக்கலாம். அங்கே கட்டடம் எழும்பி ஆள் நிற்பதற்குக் கூட்டரசுக் காசு வர வேண்டும். அதுவரை அந்த நிலத்தில் லாலான் புல்தான் வளரும்.

சரி, ஜாகா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தாமானில் பெரும்பாலானோர் இதைத்தான் விரும்புகிறார்கள், அதனால் இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்ற சட்டக் கணக்கில் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 8 ரிங்கிட் 72 காசு. ஒரு வாசலில் ஒரே ஒரு ஆள், இரவு பகலாக, மாதம் முழுக்க நிற்க வேண்டும் என்றால் 720 மணி நேரம். பெருக்கினால் 6,278 ரிங்கிட். இது அடிமட்டக் கணக்கு. 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. ஈபிஎஃப் சேமநிதியில் முதலாளி பங்கு (உள்ளூர் ஆளுக்கு) 13 விழுக்காடு, சொக்சோ காப்புறுதி, சீருடை, கம்பெனி லாபம் எல்லாம் இதற்கு மேலே. எங்களுக்கு வந்த மதிப்பீடு ஒரு வாசலுக்கு 9,000 ரிங்கிட். யாராவது 5,000 வெள்ளிக்கு ஆள் தருகிறேன் என்று வந்தால், அந்த ஜாகாவின் வயிற்றில் அடித்துத்தான் தர முடியும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் நம் சங்கம் கையெழுத்துப் போடக் கூடாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். எத்தனையோ தாமான் வாசலில் நேப்பாளத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சின்னக் காற்றாடியோடு இரவைக் கழிக்கிறார். கழிப்பறை கூட இருக்காது. நம் தாத்தாமார்களைத் தோட்டத்தில் எப்படி நடத்தினார்கள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த நாம் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போகக் கூடாது.

9,000 ரிங்கிட்டை 120 வீடுகள் பங்கு போட்டால் வீட்டுக்கு 75. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 120 வீடும் கட்டாது. பொதுச் சாலையில் போடும் காவல் திட்டத்தில் கட்டணம் விருப்பத்தின் பேரில்தான். மூடிய ஸ்ட்ராட்டா (பொது இடத்தில் கூட்டுரிமை உள்ள) குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணத்தைச் சட்டப்படி வசூலிக்கலாம். நம்மால் முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆறு மாதத்தில் 70 வீடுகள்தான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது வீட்டுக்கு 129 ரிங்கிட். பி.பி.ஆர். வீட்டின் மாத வாடகையே 124 தான். அந்தக் கட்டத்தில் இன்னும் பத்து வீடு விலகும். மீதி 60 பேர் 150 கட்ட வேண்டும். பல தாமான்களில் கேட் மட்டும் நின்றுகொண்டிருக்க, ஆள் இல்லாத கூண்டைப் பார்க்கிறோமே, அது இப்படித்தான் வருகிறது.

அடுத்தது சட்டம். நம் சாலை பொதுச் சாலை. அதை மறிப்பது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். பெரும்பான்மை வீட்டுக்காரர்களின் சம்மதமும் மாநகர் மன்ற அனுமதியும் இருந்தால் காவல் கூண்டும் பூம் கேட்டும் போடலாம். 2015-இல் பெட்டாலிங் ஜெயா பக்கத்து வழக்கு ஒன்றில் கூட்டரசு நீதிமன்றம், மன்றத்தின் அனுமதியோடு போட்ட கேட்டும் கூண்டும் பாதையை மறிப்பதாகாது என்று தீர்ப்பளித்தது. காசு கட்டாத வீட்டுக்காரர் பூம் கம்பியைத் தானே தூக்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது, அது அசௌகரியமே தவிர மறியல் இல்லை என்றார்கள். ஆனால் காசு கட்டாதவரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்ல முடியாது. வெளியாளின் மைக்கார்டு அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் ஜாகாவுக்கு உரிமை கிடையாது. அவர் போலீஸ் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு உங்களுக்கும் எனக்கும் என்ன அதிகாரம் கொடுக்கிறதோ அதுதான் அவருக்கும். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் கண்ணெதிரே நடந்தால் பிடித்து, தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்கலாம். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த இரண்டாவது வழி. வரைபடத்தில் அது "பின் நுழைவாயில்". எங்களுக்கு அது லொங்காங் பாலம். காலை ஆறே முக்காலுக்கு பி.பி.ஆர். பிள்ளைகள் அந்தப் பாலத்தில் ஏறி, எங்கள் இரண்டாவது ஜாலான் வழியாகத்தான் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற அம்மாக்களுக்கும் அதுதான் வழி. அதை அடைத்தால் அந்தப் பிள்ளைகள் லாரி ஓடும் பெரிய சாலையைச் சுற்றி நடக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கும் ஒரே வழிதான் மிஞ்சும். பாட்டியின் சங்கிலியை அறுத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் குழுவில் "அந்தப் பக்கம்" என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பக்கம் இருப்பவர்களில் பாதிப் பேர் நம்மைப் போலவே தோட்டம் மூடியபோது பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள். செந்தூல் ரயில் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள். நாம் கேட் போட்டால் மோட்டார் திருடர்கள் திருட்டை விட்டுவிட மாட்டார்கள், கேட் இல்லாத அந்தப் பக்கம்தான் போவார்கள்.

இதையெல்லாம் சொன்னாலும், ஜாகா ஒரு வேலையை நன்றாகச் செய்வார், அதை மறைக்கக் கூடாது. இரவில் ஒரு விழித்த கண் இருக்கிறது என்ற நிம்மதி உண்மையானது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது தூக்கத்தைத் தரும். ஒரே வழி உள்ள, சுற்றுச்சுவர் உள்ள குடியிருப்பு என்றால் நானே ஜாகாவுக்குக் கை தூக்கியிருப்பேன். நம் தாமான் அப்படி இல்லை.

போலீஸ் போண்டோக் கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 45 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரே ஒரு நாற்காலியை இரவு பகலாக நிரப்ப நான்கு பேர் வேண்டும். விடுப்பு, பயிற்சி, நீதிமன்ற நாள் சேர்த்தால் ஐந்து. தனியாக ஒருவரை உட்கார வைக்க மாட்டார்கள், இரண்டு நாற்காலி என்றால் பத்து பேர். பத்து போலீஸ்காரர்கள், ஒரு சின்ன அறைக்குள்! அதே பத்து பேர் இரண்டிரண்டு பேராக மோட்டாரில் சுற்றினால் ஐந்தாறு தாமான்களுக்கு உதவியாக இருக்கும். போண்டோக் கேட்டு மனு கொடுத்தால் எம்.பி.யோடு படம் எடுத்துக்கொள்ளலாம், பத்திரிகையிலும் வரும். பிறகு போண்டோக் கட்டியும் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ரோந்து கேளுங்கள். எந்த நேரத்தில், எந்த ஜாலானில் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

2010-இல் அரசாங்க உருமாற்றத் திட்டத்தில் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். கோலாலம்பூர், சிலாங்கூர், ஜொகூர், பினாங்கில் 50 இடங்களைக் குறிவைத்து போலீசோடு ரேலா தொண்டர் படை, சிவில் தற்காப்பு ஆட்களையும் சேர்த்துத் தெருவில் நிற்க வைத்தார்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே கம்பித் தடுப்பு, விளக்கு, கண்ணாடி என்று மாநகர் மன்றங்களும் வேலை செய்தன. தெருக்குற்ற எண்ணிக்கை குறைந்தது. ஆனால் மக்களின் பயம் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதைப் பற்றி அப்போது பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது. அந்த 50 இடங்களும் பெரும்பாலும் ஆள் நெருக்கமான இடங்கள். எங்களைப் போன்ற தாமான் அந்தப் பட்டியலில் ஏறவே ஏறாது. ஏன் ஏறாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், எனக்கு மிகவும் உறைத்தது அதுதான்.

ருக்குன் தெத்தாங்கா என்றால் இப்போது பலருக்கு ஞாபகம் வருவது தீபாவளித் திறந்த இல்லமும் பூப்பந்துப் போட்டியும்தான். 1975-இல் தொடங்கியபோது அது முழுக்க முழுக்கப் பாதுகாப்புக்காக. அதற்கு முந்தைய ஆண்டுதான் போலீஸ் படைத் தலைவரையே பட்டணத்தின் நடுவில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். தேசிய நினைவுச் சின்னத்தில் குண்டு வெடித்ததும் அதே 1975-இல்தான். ஆண்கள் முறைவைத்து இரவு ரோந்து போவது அப்போது கட்டாயம். என் அப்பா கைவிளக்கோடு போன கதையைச் சொல்வார், அவரோடு போனவர்களில் ஒரு சீனக் கடைக்காரரும் ஒரு மலாய் ஆசிரியரும் இருந்தார்களாம். 2012-இல் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. இப்போது சுயவிருப்ப ரோந்துத் திட்டம் என்று பதிவு செய்தால் அடையாள அட்டை, மேல்சட்டை எல்லாம் கிடைக்கும். போலீசோடு தொடர்பும் முறைப்படி இருக்கும்.

பதிவுக்கு முன்னால் என்ன ஏது என்று பார்க்க, போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் மூன்று பேர் சும்மா நடந்தோம். பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. கம்பு கிடையாது, பள்ளிக்கூடக் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் பேனாவும்தான். ஆறு ஜாலானில் எரியாத விளக்கு ஒன்பது. கம்பத்தில் எண் ஒட்டியிருக்கும், அதைக் குறித்தோம். சாவி தொங்கிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று. அந்த வீட்டு அண்ணனை எழுப்பிச் சொன்னோம், சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தவர் சாவியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பின் லோரோங்கில் நடக்கவே முடியவில்லை. பழைய அலமாரி, மெத்தை, உடைந்த மீன்தொட்டி, அதற்கு மேலே சமையலறை நீட்டிக் கட்டிய கூரைகள். ஒருவன் அங்கே நின்றால் ஒரு வீட்டுக்கும் தெரியாது. மூன்றாவது ஜாலான் கடைசி வீட்டின் பின்கதவில் பூட்டைக் கம்பியால் நெம்பிய தழும்பு இருந்தது, அந்த வீட்டுக்காரருக்கே அது தெரியவில்லை. இரண்டு மணி நேரத்தில் நாங்கள் ஒரு திருடனையும் பார்க்கவில்லை. ஆனால் திருடன் எங்கே நிற்பான் என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஒன்பது கம்ப எண்களையும் மாநகர் மன்றப் புகார்ப் பக்கத்தில் தனித்தனியாகப் பதிந்தோம். ஏணி வண்டி வந்தது. பாட்டி வாசல் விளக்கு இப்போது எரிகிறது. கம்ப எண்ணோடு சொல்வது முக்கியம். "எங்க தெருவுல வெளிச்சம் இல்ல" என்று சொன்னால் வருகிறவருக்கு எந்தக் கம்பம் என்று எப்படித் தெரியும்?

விளக்கும் பின் லோரோங்கும் இந்த நான்கில் மிக மலிவானவை. நாம் ஏற்கெனவே கட்டிய வரியில் அடங்கியவை. அடைசல் நம்முடையது, நாமே ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரி பிடித்து அகற்றலாம். சிசிடிவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவில் எண் பலகை தெரியும் அளவுக்கு வெளிச்சமும் தரமான கேமராவும் இருந்தால் பயன். இல்லையென்றால் மோட்டாரின் பின்விளக்கு மங்கலாகப் போவதைத்தான் காட்டும். முதலில் விளக்கு, பிறகு கேமரா.

ரோந்தில் எனக்கு ஒரு பயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மேல்சட்டை மாட்டியதும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். நடு இரவில் மோட்டாரில் வரும் பையனை நிறுத்தி "எங்க போற, ஐ.சி. காட்டு" என்பார்கள். அந்தப் பையன் பெரும்பாலும் நம் பையனாக இருப்பான், உணவு அனுப்பும் வேலை முடித்து வருவான். போலீஸ் என்றாலே நம் வீடுகளில் ஒரு நடுக்கம் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009-இல் சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் இறந்த இளைஞரின் உடலில் இருந்த காயங்களை நாடே பார்த்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னால், 2005-இலேயே அரச ஆணையம் 125 பரிந்துரைகளைக் கொடுத்து, போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்றது. சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் வேலையைத் தொடங்கியது 2023 ஜூலையில், அதுவும் அன்று கேட்ட அளவு அதிகாரம் இல்லாமல். போலீசுக்குக் கூடுதல் காசு, கூடுதல் ஆள் என்று நான் கேட்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அதே அளவுகோல் நம் ரோந்துக்கும் வேண்டும். யாரையும் நிறுத்தக் கூடாது. கம்பு கூடாது. பார்ப்பது, குறிப்பது, 999-க்கு அழைப்பது, அவ்வளவுதான் வேலை. பி.பி.ஆர். இளைஞர்களில் நாலு பேராவது குழுவில் இருக்க வேண்டும். அவர்களோடு சேர்ந்து நடந்தால் "அந்தப் பக்கம்" என்ற சொல் தானாக நின்றுவிடும்.

இப்போது அந்தப் பட்டியல் விஷயம். பாட்டி போலீசில் ரெப்போட் (புகார்) கொடுக்கவில்லை. "எழுதி என்னப்பா ஆகப் போகுது, பாதிதான் திரும்பி வருமா?" என்றார். மகன் ஜொகூரில், பாலாய்க்குக் கூட்டிப் போக ஆளில்லை, மலாயில் சொல்லவும் தயக்கம். நான் கூட்டிப் போகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வாரம் சங்கக் கூட்டத்துக்குச் சமூகத் தொடர்பு போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகப் பேசினார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். இந்த வருடம் உங்கள் தாமானிலிருந்து மூன்று ரெப்போட்தான் வந்திருக்கிறது என்றார். அறையில் சத்தம் கிளம்பியது. சரி, உண்மையில் எத்தனை சம்பவம் என்று கை தூக்கச் சொன்னோம். மோட்டார் திருட்டு, கேஸ் தோம்பு, செருப்பு முதல் வீடு புகுந்தது வரை, பதினொன்று. பதினொன்றில் மூன்றுதான் தாளில். எட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் எழுதினார்கள், பக்கத்து வீட்டில் புலம்பினார்கள், பாலாய்க்குப் போகவில்லை.

குற்றக் குறியீடு என்பது பதிவான ரெப்போட்களை வைத்துப் போடும் கணக்கு. ரோந்து வண்டி எங்கே அதிகம் போக வேண்டும் என்று ஒரு மாவட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் முன்னால் இருப்பதும் அந்தத் தாள்தான். அந்தத் தாளில் எங்கள் தாமான் நிம்மதியான இடம். அப்படியிருக்க, ஜாகாவுக்கு வருடத்துக்கு 108,000 ரிங்கிட் செலவழித்தால் என்ன நடக்கும்? ரெப்போட் இன்னும் குறையும், தாளில் நாம் இன்னும் நிம்மதியாகத் தெரிவோம், வண்டி இன்னும் அரிதாக வரும். நாளைக்கு 60 வீடுகள் மட்டுமே காசு கட்டி, கட்டுப்படியாகாமல் ஜாகாவை விலக்கும் நிலை வந்தால், அன்று நமக்கு ஜாகாவும் இருக்க மாட்டார், ரோந்தும் இருக்காது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ரெப்போட்டை எந்த பாலாயிலும் கொடுக்கலாம். ரெப்போட் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவுப்படி, ரெப்போட் கொடுத்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு அடுத்த நாள் பாட்டியிடம் மறுபடி போனேன். "உங்க சங்கிலிக்காக இல்ல பாட்டி, அடுத்த பாட்டிக்காக" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பாதிக் கொடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். பாலாயில் நான் மலாயில் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்ட இளம் அதிகாரி இடையில் ஒரு முறை பேனாவை வைத்துவிட்டு, "வலிச்சதா பாட்டி?" என்று தமிழிலேயே கேட்டார். பாட்டி அங்கேதான் முதல் முறையாக அழுதார்.

ஆக, என் ஓட்டு இப்படி. விளக்கும் பின் லோரோங்கும் உடனே, அதற்குக் கூட்டமே தேவையில்லை. ருக்குன் தெத்தாங்கா ரோந்து, மேலே சொன்ன நிபந்தனைகளோடு, வாரத்தில் மூன்று இரவு போதும். ரெப்போட்டுக்கு ஆள்: மலாய் நன்றாகப் பேசும் நாலு பேர் முறைவைத்து, பாலாய்க்குப் போக முடியாதவர்களைக் கூட்டிப் போக வேண்டும். மூன்று மாதக் குறிப்பேட்டையும் ரெப்போட் எண்களையும் வைத்துக்கொண்டு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் ரோந்து நேரம் கேட்போம், அதே தாளின் நகலை எம்.பி.யிடம் கொடுப்போம். போண்டோக் மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஜாகாவுக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் ஓட்டு. ஒரு வருடம் கழித்தும் நிலைமை மாறவில்லை என்றால், பாலத்தை அடைக்காமல், இரவு மட்டும் சைக்கிளில் சுற்றும் ஒருவரை முறையான சம்பளத்தோடு வைப்பது பற்றிப் பேசலாம். இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை எட்டு மணி நேரம், மாதம் 240 மணி நேரம், மூன்றில் ஒரு பங்குச் செலவு. நான்காவது ஜாலான் நண்பர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில்தான் போன வருடம் புகுந்து நகையை அள்ளிப் போனார்கள், அவர் மகள் இன்னும் தனியாகத் தூங்குவதில்லை. அவர் ஜாகா கேட்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வரும் சனிக்கிழமை ரோந்துக்கு என்னோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஓட்டுச் சீட்டு வீட்டுக்கு ஒன்று. வாடகைக்கு இருப்பவர்களுக்கு உண்டா என்று செயலாளரிடம் கேட்டேன், வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் என்றார். 120 வீட்டில் 30-க்கு மேல் வாடகை. இரவு ஷிஃப்ட் முடித்து இருட்டில் நடந்து வருகிறவர்கள் அவர்களும்தான். அவர்களுக்கும் சீட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.